ஐந்து நிமிடத்துக்கு ஒரு லாரி

(சென்னையில் கவின்கலை, கணினி மாணவர்கள் கூடிய அரங்கொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் செல்போனோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, போனை உள்ளே வையுங்கள் என்று சொல்லப் போவதில்லை. இன்றைய பேச்சுக்கு அது வேண்டும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில், தி டேல்ஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. மக்கள்தொகை 16,000 சொச்சம். 2006இல் கூகுள் நிறுவனம் அங்கே ஒரு தரவு மையத்தைத் திறந்தது. நீங்கள் டேட்டா சென்டர் என்கிறீர்களே, அதுதான். பிறகு அது ஒன்று பலவாகப் பெருகியது. 2021இல் ஓரிகோனியன் நாளிதழ் அந்த ஊர் நகராட்சியிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டது: இந்த மையம் வருஷத்துக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது? நகராட்சி சொல்ல மறுத்தது. வணிக ரகசியமாம். கொடுத்தாக வேண்டும் என்று மாவட்ட அரசு வழக்கறிஞர் உத்தரவிட்ட பிறகும் அடங்கவில்லை. அதை எதிர்த்து நாளிதழ்மீதே வழக்குப் போட்டது. சொந்தக் குழாயில் ஓடும் தண்ணீரின் கணக்கை மறைக்க ஒரு நகராட்சி நீதிமன்றப் படியேறியது! ஓராண்டுக்கு மேல் இழுத்தடித்து, 2022 டிசம்பரில் வழக்கைக் கைவிட்டுக் கணக்கைக் கொடுத்தார்கள். 2021ஆம் ஆண்டில் 35.5 கோடி கேலன். நம் அளவையில் 134 கோடி லிட்டர். ஊர் முழுக்கச் செலவாகும் தண்ணீரில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல்.

அந்த எண் பெரியதுதான். எனக்கு அதைவிட அந்த வழக்கு பெரிதாகப் படுகிறது. தொழில்நுட்பம் குடிக்கும் தண்ணீரைக் கண்ணுக்குக் காட்டும் கலையைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காட்டுவது என்றதும் நம் கலைஞர்களுக்கு மாயக் கண்ணாடியும் மென்பொருளும்தான் நினைவுக்கு வருகின்றன. தி டேல்ஸில் மறைந்திருந்தது ஒரு தாள். அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்திருக்க முடியாது. இந்த ஊசி இனி என் பேச்சு முழுக்கக் குத்திக்கொண்டே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர் எங்கேதான் போகிறது என்று பார்த்துவிடுவோம். சர்வருக்குள் போகும் மின்சாரம் அனேகமாக முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அதைக் கட்டடத்தைவிட்டுத் துரத்த மலிவான வழி, மண்பானை செய்கிற வேலைதான்: கொஞ்சம் தண்ணீரை ஆவியாக விட்டு மிச்சத்தைக் குளிரவைப்பது. கூலிங் டவர் அதைப் பெரிய அளவில் செய்கிறது. கணக்கும் எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். ஒரு யூனிட் மின்சாரம் 3.6 மெகாஜூல். ஆகவே, ஒரு யூனிட் வெப்பத்தை ஆவியாக்கியே விரட்டினால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் காற்றோடு போய்விடும். உங்கள் வீட்டு மின்கட்டணத்தில் பார்க்கிற அதே யூனிட். இதற்கு மேல் இன்னொரு செலவும் உண்டு. ஆவியாகிப் போவது நல்ல தண்ணீர். உப்பு டவரிலேயே தங்கிவிடும். உப்பு ஏற ஏறக் குழாய்க்குள் படிவு கட்டும். அதனால் உப்பு முற்றிய தண்ணீரை அவ்வப்போது திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆவியாக்காமல் குளிர்விக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். சில்லர் என்ற குளிரூட்டும் எந்திரமும் மின்விசிறியும் வைத்துக் காற்றாலேயே குளிர்விக்கலாம். மின்சாரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நிலக்கரி நிலையமோ அணு நிலையமோ, அங்கேயும் நீராவியைத் திரும்பக் குளிரவைக்கத் தண்ணீர் செலவாகிறது. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடம் 2024 இறுதியில் வெளியிட்ட அறிக்கையின்படி, அமெரிக்கத் தரவு மையங்கள் 2023இல் தங்கள் வளாகத்துக்குள் நேரடியாகச் செலவழித்தது சுமார் 6,600 கோடி லிட்டர். அவை வாங்கிய மின்சாரத்தின் வழியே செலவானது சுமார் 80,000 கோடி லிட்டர். பன்னிரண்டு மடங்கு! ஒரு நிறுவனம் "எங்கள் வளாகத்தில் சொட்டுத் தண்ணீர்கூட ஆவியாவதில்லை" என்று பலகை வைத்தால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் வேறொரு மாவட்டத்தில் ஆவியாகிறது.

மூன்றாவது இடம் சில்லு ஆலை. சிலிக்கன் தகட்டில் ஒவ்வொரு படலம் வைத்த பிறகும் கழுவ வேண்டும், அதுவும் குடிநீரைவிடப் பல மடங்கு தூய்மையாக்கிய நீரால். 2020இல் தைவானில் ஒரு புயலும் கரையேறவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்காத விஷயம் அது. அடுத்த வசந்தத்தில் அணைகள் வறண்டன. உலகத்துக்கே சில்லு செய்து தரும் டி.எஸ்.எம்.சி. நிறுவனம் லாரியில் தண்ணீர் வரவழைத்தது. அரசாங்கம் வயல்களுக்குப் பாசனத்தை நிறுத்தியது. நெல்லா, சில்லா என்று வந்தபோது விவசாயிக்கு இழப்பீட்டைக் கொடுத்துச் சில்லைக் காப்பாற்றினார்கள். நியாயமா இல்லையா என்பது வேறு விவாதம். உங்கள் கையிலிருக்கும் போனுக்குள் அப்படி ஒரு முடிவு எங்கேயோ புதைந்திருக்கலாம்.

இனி, எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி: "சார், சாட்ஜிபிடியிடம் ஒரு கேள்வி கேட்டால் எவ்வளவு தண்ணீர்?" 2023இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த ஷாவோலெய் ரென் குழுவினர் ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியை வைத்து ஒரு மதிப்பீடு சொன்னார்கள்: எங்கே, எப்போது இயங்குகிறது என்பதைப் பொறுத்து, 10 முதல் 50 பதில்களுக்கு அரை லிட்டர், அதாவது ஒரு தண்ணீர் பாட்டில். உலகமெல்லாம் அந்தப் பாட்டில் படம் சுற்றியது. 2025 ஆகஸ்டில் கூகுள் வேறொன்று சொன்னது: ஜெமினியிடம் கேட்கும் வழக்கமான எழுத்துக் கேள்வி ஒன்றுக்கு 0.26 மில்லிலிட்டர், அதாவது ஐந்து சொட்டு. எது உண்மை? முதல் கணக்கில் மின்நிலையத்தின் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது, மாதிரியும் பழையது. இரண்டாவதில் வளாகத்துத் தண்ணீர் மட்டும். இருவரும் அவரவர் கோட்டுக்குள் நின்று சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் சொட்டுக் கணக்கு கேட்பவரை ஆசுவாசப்படுத்துவதற்கென்றே பிறந்தது. தி டேல்ஸில் வசிப்பவருக்கு ஒரு கேள்விக்கு எத்தனை சொட்டு என்பதால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது தன் ஊர்த் தண்ணீரில் வருஷத்துக்கு எவ்வளவு போகிறது என்ற ஒரே எண். தண்ணீருக்கு முகவரி உண்டு. கரியமிலவாயு எங்கே வெளியேறினாலும் வானம் ஒன்றுதான். மான்டிவிடியோவில் எடுத்த தண்ணீரை மாட்ரிட்டில் திருப்பி ஊற்ற முடியாது.

மான்டிவிடியோ என்றதும் ஞாபகம் வருகிறது. 2023இல் உருகுவே நாட்டில் கடும் வறட்சி. தலைநகர் மான்டிவிடியோவின் குழாய்களில் உப்புத் தண்ணீர் வந்தது. கழிமுகத் தண்ணீரைக் கலந்து விட்டார்கள், வேறு வழியில்லை. அதே நேரத்தில் பக்கத்து கனெலோனெஸ் பகுதியில் கூகுள் ஒரு தரவு மையம் கட்டத் திட்டமிட்டிருந்தது. நாளொன்றுக்கு 76 லட்சம் லிட்டர் குழாய்நீர் கேட்டிருந்தார்கள். இந்த எண் எப்படி வெளியே வந்தது? ஓர் ஆய்வாளர் நீதிமன்றம் போய் அமைச்சகத்திடமிருந்து வாங்கினார். விஷயம் வெடித்தது, நிறுவனம் திட்டத்தைச் சுருக்கிக் காற்றுக் குளிர்விப்புக்கு மாறியது. மறுபடியும் தாள்தான்.

சரி, கலைக்கு வருவோம்.

1994இல் பால் மில்கிராம், ஃபுமியோ கிஷினோ என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கோடு வரைந்தார்கள். ஒரு முனையில் நாம் நிற்கும் நிஜ உலகம்; மறுமுனையில் முழுக்கக் கணினி உருவாக்கிய உலகம். இடைப்பட்ட பரப்பு முழுவதற்கும் கலப்பு மெய்ம்மை என்று பெயர் வைத்தார்கள். எதிரே நிற்கும் நிஜக் கட்டடத்தின்மேல் இல்லாத ஒன்றை ஒட்டவைத்துக் காட்டுவது அதன் எளிய வடிவம். விலை உயர்ந்த தலைக்கருவி வேண்டும் என்பதில்லை, செல்போன் கேமராவே போதும்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த படைப்பு தண்ணீரைப் பற்றியதே அல்ல, எண்ணெயைப் பற்றியது. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பணத் தளம் வெடித்தது. 87 நாள் கடலடியில் எண்ணெய் பீறிட்டுக்கொண்டிருந்தது. அப்போது மார்க் ஸ்க்வாரெக், ஜோசப் ஹாக்கிங் என்ற இரு கலைஞர்கள் ஐபோனுக்கு ஒரு செயலி செய்தார்கள். "உங்கள் ஊரில் கசிவு" என்பது அதன் பெயர். ஏதேனும் ஒரு பி.பி. பெட்ரோல் பங்க் முன்னால் நின்று, அதன் பச்சை மஞ்சள் சின்னத்துக்கு நேரே போனைப் பிடித்தால், திரையில் ஓர் உடைந்த குழாய் முளைத்து, அந்தச் சின்னத்திலிருந்தே எண்ணெய் கொப்பளிக்கும். அவ்வளவுதான். என் கணிப்பில் இதைவிடக் கச்சிதமான கலப்பு மெய்ம்மைப் படைப்பு இன்னும் வரவில்லை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அரங்கம் வாடகைக்கு எடுக்கவில்லை. நிறுவனம் கோடி கோடியாகச் செலவழித்து ஊர் ஊராக நட்டுவைத்த சின்னத்தையே பொத்தானாக மாற்றிவிட்டார்கள். எத்தனை பங்க் இருக்கிறதோ அத்தனை கண்காட்சி. தூரத்துக் கடலில் நடப்பதை, பணம் கைமாறும் இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். இடம் மாற்றி இடம் காட்டுவது இந்தக் கலைக்கு மட்டும் கைவந்த வித்தை. ஓவியத்துக்கோ திரைப்படத்துக்கோ அது வராது. ஏனென்றால் அவை சுவரிலும் திரையிலும் இருக்கின்றன, பங்க் வாசலில் இல்லை.

இன்னொன்று ஹெல்சிங்கியில், 2008 பிப்ரவரியில் நடந்தது. ஹெலன் எவன்ஸ், ஹைகோ ஹான்சன் இருவரும் ஹெஹெ என்ற பெயரில் இயங்கும் கலைஞர்கள். சல்மிசாரி நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து எழும் ஆவி மேகத்தின்மேல் பச்சை லேசர் கதிரால் விளிம்பு வரைந்தார்கள். வெப்பக் கேமரா ஒன்று மேகத்தின் வடிவத்தைப் பின்தொடர, லேசர் அதற்கேற்ப வளைந்துகொடுத்தது. அக்கம்பக்கத்து வீடுகளின் மின்நுகர்வு குறையக் குறையப் பச்சை மேகம் பெரிதாகும். 'பச்சை மேகம்' என்பதே படைப்பின் பெயர். அந்த ஆண்டு ஆர்ஸ் எலெக்ட்ரானிகா விழாவின் உயர் விருதைப் பெற்றது. நான் நேரில் பார்த்ததில்லை, படங்களும் விவரங்களும்தான் பார்த்தேன். அதில் என்னை உலுக்கியது அழகல்ல, மீட்டர். அந்த மேகத்துக்குப் பின்னால் ஓர் உயிருள்ள எண் இருந்தது. மின்வாரியம் தன் கணக்கைக் கலைஞர்களோடு பகிர்ந்துகொண்டதால்தான் லேசருக்கு எவ்வளவு பெரிதாக வரைவது என்று தெரிந்தது. பின்னாளில் பாரிஸை ஒட்டிய சென்ட்-உவான் குப்பை எரிப்பு ஆலையில் இதையே செய்ய முயன்றபோது அதிகாரிகள் முகம் கொடுக்கவில்லை. லேசர் அதே லேசர்தான்.

எண் கிடைக்காதபோது கலைஞன் என்ன செய்வான்? ஐரிஷ் கலைஞர் ஜான் ஜெரார்ட் செய்ததைச் சொல்கிறேன். ஓக்லஹோமா மாநிலத்து பிரையர் க்ரீக் ஊரில் இருக்கும் கூகுள் தரவு மையத்தைப் படமெடுக்க அனுமதி கேட்டார், மறுத்துவிட்டார்கள். வான்வெளி யாருக்கும் சொந்தமில்லை என்று உள்ளூர்க் காவல்துறையிடம் உறுதி செய்துகொண்டு ஹெலிகாப்டர் வாடகைக்கு எடுத்தார். மேலிருந்து எடுத்த புகைப்படங்களை வைத்துக் கட்டடத்தை விளையாட்டு மென்பொருளில் அப்படியே மறுபடி கட்டினார். 2015இல் லண்டனில் அது காட்சிக்கு வந்தது, 'பண்ணை' என்ற பெயரில். ஜன்னலில்லாத ஒரு கொட்டகை, பக்கத்தில் டீசல் ஜெனரேட்டர்கள், கூலிங் டவர்கள். பார்வை அதை மெதுவாகச் சுற்றிவருகிறது, வேறொன்றும் நடப்பதில்லை. பன்றிப் பண்ணையைப் போலத்தான் இருக்கிறது, உங்கள் மின்னஞ்சல்கள் வளரும் இடம். உள்ளே என்ன ஓடுகிறது என்று அந்தப் படைப்புக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் நடிக்கவும் இல்லை. அந்த நேர்மைக்காகவே எனக்கு அதன்மேல் மரியாதை.

இங்கே ஓர் இடைச்செருகல். 1980களில் கனெக்‌ஷன் மெஷின் என்று ஒரு மீக்கணினி வந்தது. கறுப்புக் கனசதுரம், அதன் பக்கங்களில் ஆயிரக்கணக்கில் மினுங்கும் சிவப்பு விளக்குகள். சும்மா நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதன் தோற்ற வடிவமைப்புக்குத் தலைமை வகித்தவர் தமிகோ தீல். அவர் பிற்பாடு இதே துறைக்கு வந்து, 2018இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தின் மாடியில், போன் வழியே பார்த்தால் பிளாஸ்டிக் பவளங்கள் தண்ணீருக்கடியில் வளர்வதாகக் காட்டினார். நாற்பது வருஷத்துக்கு முன்பு கணினி தன்னைப் பார்க்கச் சொன்னது. இன்றைக்கு ஜன்னலில்லாத கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதே கைகள் அன்று எந்திரத்துக்கு முகம் கொடுத்தன, இன்று நம் கழிவுக்கு முகம் கொடுக்கின்றன. இதற்கு மேல் நான் விளக்கினால் கெட்டுவிடும்.

இப்போது கொஞ்சம் சண்டை. மெல் சின் பெரிய கலைஞர். 2018 கோடையில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் அவர் செய்த 'அன்மூர்ட்' பெரும் புகழ் பெற்றது. தலைக்கருவி மாட்டிக்கொண்டோ போனைத் தூக்கியோ பார்த்தால் சதுக்கம் முழுக்கக் கடலுக்கடியில் இருக்கும். தலைக்கு மேலே படகுகளின் அடிப்பாகம் மிதந்து போகும். கடல்மட்ட உயர்வைப் பற்றிய படைப்பு. தொழில்நுட்ப உதவி மைக்ரோசாஃப்ட். அழகு, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்தவர்களெல்லாம் தண்ணீர்க் கலை என்றால் வெள்ளம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிறகு வந்த மாணவப் படைப்புகளில் எத்தனை நீலக் கடல்கள், எத்தனை திமிங்கலங்கள்! வெள்ளம் காட்டுவதற்குச் சுலபம். தரவு மையம் செய்வது அதற்கு நேரெதிர்: தண்ணீர் இல்லாமல் போவது. அதே மைக்ரோசாஃப்ட்டின் தண்ணீர்ச் செலவு 2021க்கும் 2022க்கும் இடையில் 34 சதவீதம் கூடியது என்று அதன் சொந்த அறிக்கை சொல்கிறது. கண்ணாடியைச் செய்து கொடுத்தவரின் தண்ணீர் அந்தக் கண்ணாடியில் தெரியவில்லை. சின் அதைக் காட்ட வரவில்லை என்பதும் உண்மை. அவர் பேசியது வேறு விஷயம். என் சண்டை அவரைப் பார்த்துப் படியெடுப்பவர்களோடுதான்.

இல்லாமல் போவதை எப்படிக் காட்டுவது? இங்கேதான் கைவேலை கடினமாகிறது. நீராவிக்கு நிறமே கிடையாது. கூலிங் டவருக்கு மேலே நாம் பார்க்கும் வெள்ளைப் புகை, ஆவி குளிர்ந்து மறுபடி துளியாகும்போது தெரிவது. குளிர்காலத்து ஹெல்சிங்கியில் மேகம் கனமாக நிற்கும். வெயில் கொளுத்தும் நாளில் டவர் முழுமூச்சாக ஆவியாக்கிக்கொண்டிருக்கும், மேலே ஒன்றுமே தெரியாது. கண்ணுக்குத் தெரியும் புகையை நம்பினால் கணக்கு தலைகீழாகிவிடும். புகைப்படக்காரன் தோற்கும் அந்த இடத்தில் கலப்பு மெய்ம்மைக்கு நிஜமான வேலை இருக்கிறது: இல்லாத மேகத்தைச் சரியான அளவில் வரைய. அதற்கு மீட்டர் வேண்டும்.

நம் ஊருக்கு வருகிறேன். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. நிறுவனங்கள் பல, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன. கொரோனாவுக்கு முன்பே சென்னை கற்றுக்கொண்ட பழக்கம் அது, காரணம் தண்ணீர். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு ரயில் வந்தது. தொலைக்காட்சிகள் நேரலையாகக் காட்டின. ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள், சர்வர்கள் போகவில்லை. அவற்றைக் குளிரவைக்க யார் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எந்தத் தொலைக்காட்சியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன. கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர், வந்துதான் தீரும்.

நம் ஊருக்கென்று இரண்டு தனிக்குணங்கள். ஒன்று, கடலோரப் புழுக்கம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வெறும் ஆவியாக்கலை நம்பிக் குளிர்விப்பது இங்கே எடுபடாது, சில்லர் வேண்டும், அதாவது மின்சாரம் வேண்டும், அதாவது வேறெங்கோ தண்ணீர். இரண்டாவது, நம்மிடம் தண்ணீரில் சாதிகள் இருக்கின்றன. ஏரித் தண்ணீர் ஒன்று. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடலிலிருந்து எடுக்கும் தண்ணீர் இன்னொன்று. கோயம்பேட்டில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வரை சாக்கடை நீரைச் சுத்திகரித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புகிறோம், அது மூன்றாவது. நான்காவது, புறநகர்க் கிராமத்துக் கிணற்றிலிருந்து லாரி உறிஞ்சி வருவது. நான்கும் லிட்டரில் ஒன்றுதான். சாக்கடையைச் சுத்திகரித்த ஒரு கோடி லிட்டரைக் குளிர்விப்புக்குச் செலவழிக்கும் நிறுவனத்தைப் பாராட்டுவேன். கிணற்றிலிருந்து பத்து லட்சம் எடுப்பவரோடு சண்டைக்குப் போவேன். மொத்த எண்ணை மட்டும் காட்டும் படைப்பு இந்த இரண்டு பேரையும் மாற்றி அடிக்கும்.

ஆகவே, இந்த அரங்கில் இருக்கும் நீங்கள் செய்யக்கூடிய ஒரு படைப்பை முன்வைக்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு தரவு மையத்தின் வாசலில் நின்று போனைத் தூக்குகிறீர்கள். நீர்வீழ்ச்சி வேண்டாம், திமிங்கலம் வேண்டாம். சென்னைக்காரருக்கு லிட்டர் மனதில் ஏறாது, லாரி ஏறும். 12,000 லிட்டர் தண்ணி லாரி ஒன்று, திரையில், நிஜச் சாலையில் திரும்பி அந்த வாசலுக்குள் நுழையட்டும். ஏரித் தண்ணீருக்கு ஒரு நிறம், கடலுக்கு ஒன்று, சாக்கடைக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று. உள்ளே போன லாரி வெளியே வராது. எத்தனை நேரத்துக்கு ஒன்று நுழைகிறது என்பதுதான் படைப்பின் தாளம். தி டேல்ஸ் கணக்கை இந்த லாரியில் போட்டுப் பார்த்தேன்: வருஷத்துக்கு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் லாரி, நாளுக்கு 300க்கு மேல், ஐந்து நிமிடத்துக்கு ஒன்றுக்கும் சற்று அதிகம். ராத்திரி, பகல், தீபாவளி, பொங்கல் பாராமல். பார்க்க வந்தவர் அடுத்த லாரிக்காக அங்கேயே வெயிலில் நிற்க வேண்டும். சுவாரசியமில்லை என்று சிலர் கிளம்பிப் போவார்கள். போகட்டும். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு மணிநேரம் எண்ணுபவருக்குத்தான் இந்தப் படைப்பு.

தலைக்கருவி வாங்கித் தாருங்கள் என்று கல்லூரியிடம் கேட்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் ஹோலோலென்ஸ் உற்பத்தியையே 2024இல் நிறுத்திவிட்டது. தண்ணீரைக் காட்டுகிறேன் என்று ஐம்பது புதிய கருவிகளை, அவற்றுக்குள் இருக்கும் தைவான் சில்லுகளோடு வரவழைத்தால் அது வேடிக்கையாகிவிடும். ஏற்கெனவே பையில் இருக்கும் போன் போதும். லாரியின் உருவத்தை அதுவே வரையட்டும், தூரத்து சர்வருக்கு ஓட வேண்டாம்.

எண்ணுக்கு எங்கே போவது? ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல், 500 கிலோவாட்டுக்கு மேற்பட்ட தரவு மையங்கள் தண்ணீர்ச் செலவையும் தெரிவிக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறது. இந்தியாவில் பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் விதிப்படி ஆண்டுதோறும் வெளியிடும் பொறுப்புடைமை அறிக்கையில், எடுத்த தண்ணீரை மூல வாரியாகச் சொல்ல வேண்டும்: மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர், வெளியார் தந்தது, கடல்நீர் என்று. இது பலருக்குத் தெரியாது. போய்ப் படியுங்கள், இணையத்திலேயே கிடைக்கிறது. ஆனால் அது நிறுவனம் முழுமைக்குமான மொத்தம். சிறுசேரி வளாகம் எவ்வளவு, மும்பை வளாகம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள பகுதிகளுக்கு மட்டும் வளாக வாரியாகக் கேட்கும் பகுதி ஒன்று உண்டு, அதுவும் விரும்பினால் நிரப்பலாம் என்ற வகை.

வளாகத்தின் எண் வேண்டுமென்றால் தண்ணீர் கொடுப்பவரைக் கேட்க வேண்டும். சென்னைக் குடிநீர் வாரியம் பொது அதிகார அமைப்பு. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி விண்ணப்பம் போடலாம். மூன்று கேள்வி போதும்: இந்த முகவரிக்குக் கடந்த மூன்று நிதியாண்டுகளில் மாதவாரியாக வழங்கிய நீரின் அளவு, அது எந்த வகை நீர், என்ன விலைக்கு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். தனியார் லாரித் தண்ணீரின் கணக்கு இதில் வராது. அதற்கு வாசலில் நின்று எண்ணுங்கள், நிஜ லாரியை. ஜெரார்டுக்கு ஹெலிகாப்டர் போல உங்களுக்கு அந்த டீக்கடை.

மறுப்பார்களா? மறுக்கலாம். சட்டத்தின் 8(1)(டி) பிரிவு வணிக நம்பகம், வர்த்தக ரகசியம் என்றால் தகவலை நிறுத்திவைக்க இடம் தருகிறது. தி டேல்ஸ் நகராட்சி சொன்ன அதே காரணம். பரந்த பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அதே பிரிவே சொல்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு மேல்முறையீடு செய்யுங்கள். முதல் மேல்முறையீடு அந்த அலுவலகத்திலேயே, இரண்டாவது தகவல் ஆணையத்தில். மாதக்கணக்கில் ஆகும். உங்கள் செமஸ்டர் முடிந்துவிடும், கண்காட்சித் தேதி நெருங்கிவிடும். அப்போது கையில் எண் இல்லையே என்று உத்தேசமாக ஒரு லாரியை ஓட்டிவிடாதீர்கள். மறுப்புக் கடிதத்தை ஸ்கேன் செய்து, முத்திரை, கையெழுத்து, பிரிவு எண் எல்லாம் தெரிய, அந்தக் கட்டடத்தின் முகப்பை முழுக்க மறைக்கும் அளவுக்குப் பெரிதாக்கித் திரையில் தொங்கவிடுங்கள். மேல்முறையீட்டில் எண் வந்த அன்றைக்குக் கடிதத்தை இறக்கிவிட்டு லாரிகளைத் திறந்துவிடலாம்.

விண்ணப்ப மாதிரி ஒன்று தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் மேசைமேல் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். பின்வரிசையிலிருந்து ஆரம்பிப்போம்.